கறுப்பு மையில் எழுதிய இரண்டடி

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு முறை ஆபீசுக்குப் போய்விட்டு வருவேன். வீட்டில் இருந்தால் என் சம்சாரம் ஏதாவது வேலை வைத்துவிடுவாள் என்பது ஒரு காரணம். அங்கே கிடைக்கும் டீ இன்னொரு காரணம். போன தடவை போனபோது முக்காலி போட்டு ஒரு புது மெஷினை நிறுத்தியிருந்தார்கள். அது தானாகவே சுற்றி, ஓர் அறையின் சுவர், விட்டம், ஜன்னல் எல்லாவற்றையும் சில நிமிஷத்தில் அளந்து கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. நான் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிரியா என்கிற பொண்ணு கேட்டது: “ஏனுங்கண்ணா, நீங்கெல்லாம் டேப்புல அளந்தப்ப தப்பு வந்ததே இல்லீங்களா?”

“வரும் கண்ணு. வராம இருக்குமா?”

“அப்ப ஒண்ணு சொல்லுங்க, கேக்கறோம்.”

பேச்சை மாற்றி, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஆனால் வடவள்ளி பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வந்து சேரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் வந்தது சரியில்லை. நேரில் சொல்ல நா எழவில்லை, எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மருதமலை முருகன் துணை.

நான் பத்தாவது படித்து, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் கட்டடப் படம் வரையக் கற்றவன். கோயம்புத்தூரில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தேன். முதல் இடத்தில் அமோனியா நெடியில் புளூபிரிண்ட் எடுத்து மூக்கு செத்துப்போனது என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது இடம்தான் சாரதா மேடத்தின் ஆபீஸ். கடைசி இருபத்திரண்டு வருஷம் அங்கேதான். அவர் ஆர்க்கிடெக்ட். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். என்னை “அண்ணா” என்றுதான் கூப்பிடுவார். நான் “மேடம்” என்பேன்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். ஷார்ப்னர் கிடையாது, பிளேடுதான். ஏற்கெனவே கூராக இருக்கிற பென்சிலை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தால், எதிரே நிற்கிறவன் எங்கேயோ தப்பு செய்திருக்கிறான் என்று அர்த்தம். சீவி முடித்துத் தூளை ஊதிவிட்டு, “இப்பச் சொல்லுங்க” என்பார். அவ்வளவுதான்.

பழைய கட்டடங்களை அளப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் நாள் டேப்பையே எடுக்கக் கூடாது. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கையால் படம் போட வேண்டும். இரண்டாம் நாள் வெளிப்பக்கம். ஒரு மூலையில் டேப்பின் நுனியை வைத்தால் அடுத்த மூலைவரை அதை எடுக்கக் கூடாது. ஜன்னல், கதவு, தூண் எது வந்தாலும் ஓடுகிற டேப்பிலேயே படித்துக்கொண்டு போக வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல் தப்பினாலும் கடைசியில் அரை அடி போய்விடும். மூன்றாம் நாள் உள்ளே. ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கம் போக மூலைக்கு மூலை இரண்டு அளவு, ஏனென்றால் பழைய வீட்டில் எந்த அறையும் சரியான சதுரமாக இருக்காது.

இதற்கு மேல் ஒரு சட்டம் உண்டு. நோட்டில் எழுத இரண்டு பேனா. என் கண்ணால் டேப்பில் படித்த எண்ணைக் கறுப்பில் எழுத வேண்டும். அளக்க முடியாமல் கணக்குப் போட்டதோ, யாரோ சொன்னதோ, உத்தேசமோ எதுவாக இருந்தாலும் சிவப்பு.

“சிவப்பா இருந்தா தப்பில்லீங்கண்ணா. நான் நேரா போய்ப் பாத்துக்குவேன். கறுப்பா இருந்தா பாக்க மாட்டேன்” என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்.

நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தொட்டு வைத்துத்தான் நான் எந்த வேலையும் ஆரம்பிப்பேன். மேடம் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. “மஞ்சள் எண் மேல படாம பாத்துக்குங்கண்ணா” என்று மட்டும் ஒரு முறை சொன்னார்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பெரிய பண்ணை வீடு ஒன்று. ஊரில் அதைப் ‘பெரியூடு’ என்பார்கள். இரண்டு கட்டு, ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், எந்தப் பக்கம் பார்த்தாலும் தேக்கு. அந்தக் குடும்பத்தில் கடைசியாக அங்கே இருந்தது மரகதம்மா. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. கணவரின் அண்ணன்மார், மச்சாண்டார் வகையறா எல்லாம் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் தொழிலில் இருக்கிறார்கள். வீட்டை விற்க மனசில்லாமல், அதை அருங்காட்சியகமாக ஆக்கச் சொல்லி ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க மரகதம்மா ஒப்புக்கொண்டார். எழுதிக் கொடுப்பது கட்டட வேலை முடிந்த பிறகு என்று ஏற்பாடு.

வீட்டுக்குள் பாத்திரம், பஞ்சு நிறுக்கும் தராசு, நகைப்பெட்டி எல்லாம் வைத்துவிடலாம். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த தோல் சால், ரெட்டை மாட்டு வண்டி, பதினெட்டு அடி நீளக் கைத்தறி, இவற்றை எந்த அறையில் வைப்பது? அதற்குத்தான் வீட்டின் பின்பக்கம் ஒரு புதுக் கட்டடம். அந்த வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது.

மரகதம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வீட்டின் பின்சுவரை ஒட்டிச் சாமி அறை. உள்ளே செல்லாண்டியம்மன், ஒரு முழத்துக்குச் சற்று மேலான கல் சிலை. மரகதம்மா வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் அவர்தான் விளக்குப் போடுகிறார். “மத்த எடத்துல என்ன வேணாலும் செய்யுங்க. என்ற சாமி ரூம்பை மட்டும் தொடக் கூடாது. அதுல ஒரு ஆணி அடிச்சாலும் நானு கையெழுத்துப் போட மாட்டனுங்க.”

நான் அளக்கப் போனது மூன்று நாள். முதல் நாள் சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்தது. என் பெரியப்பா மகன் இறந்துவிட்டார். பங்காளி கேதம். போய்விட்டு அடுத்த நாள் மதியம் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தேன். கருமாதி முடியும்வரை எங்களுக்குத் தீட்டு. கோயில் நடை ஏற மாட்டோம், வீட்டில்கூட விளக்கேற்ற மாட்டோம். அப்படியிருக்க அந்த அம்மாள் அத்தனை சுத்தமாக வைத்திருக்கும் சாமி அறைக்குள் நான் எப்படிக் கால் வைப்பேன்?

மற்ற எல்லா அறையையும் அளந்தேன். சாமி அறைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். தொடக் கூடாத அறை என்பதால் அதன் உள் அளவை மேடம் கேட்கவில்லை, பின்சுவரின் கனம் மட்டும்தான் வேண்டும். வாசற்படிக்கு வெளியே இருந்து பார்த்தால் பட்டுத் திரைக்கும் பூமாலைக்கும் நடுவில் அம்மன் முகம் மட்டும் தெரிந்தது. பின்னால் இருட்டு. சுவரை ஒட்டி மேடை கட்டி அதன் மேல் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வீட்டில் பின்சுவர் எங்கே அளந்தாலும் இரண்டடி. சமையற்கட்டில் இரண்டடி, பின்வாசலில் இரண்டடி, தானிய அறையில் இரண்டடி. இங்கே மட்டும் என்ன மாறிவிடப் போகிறது?

சிவப்புப் பேனாவை எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். ஆனால் சிவப்பில் எழுதினால் மேடம் கேட்பார், “ஏன் அளக்கலீங்கண்ணா?” என்று. தீட்டு என்று சொல்ல வேண்டும். மேடம் அமெரிக்காவில் படித்தவர். அவர் முன்னால் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கருமாதி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி வந்து அளந்துவிட்டால் போயிற்று என்று எண்ணி, கறுப்பு மையில் ‘2 அடி’ என்று எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. கருமாதி முடிந்து, வேறு வேலைகள் வந்து, ஒரு மாதத்தில் நான் அதை மறந்தே போனேன். மறந்ததுகூடப் பெரிதில்லை. நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது என் கையெழுத்தில் கறுப்பாக இருந்ததைப் பார்த்து, அளந்துதான் எழுதியிருக்கிறேன் என்று நானே நம்பிவிட்டேன்.

மேடம் புதுக் கட்டடத்தை யோசித்த விதத்தைச் சொல்ல வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் பழைய வீட்டைப் போலவே தூணும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார்கள். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. “அது பொய் சொல்ற மாதிரிங்க. எது அன்னிக்குக் கட்டினது, எது இன்னிக்குக் கட்டினதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்” என்றார். ஆகவே புதுக் கட்டடம் வெறும் செங்கலும் கான்கிரீட்டும். பழைய வீட்டின் ஓட்டுத் தாழ்வாரத்தைவிட ஓர் அடி தாழ்வு, அதனால் முன்னால் இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. இரண்டுக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு நடை. நடைக்கு மேல் கண்ணாடிக் கூரை. வீட்டின் பழைய பின்வாசல் வழியே வந்து, அந்த நடையைக் கடந்து புதுக் கூடத்துக்குள் போக வேண்டும்.

கண்ணாடிக் கூரையின் ஒரு பக்கம் புதுக் கட்டடத் தூண்கள் மேல் நிற்கும். மறுபக்கம் தாங்குவதற்குப் பழைய பின்சுவரில் ஆறு இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குத் துளை போட்டு இரும்புத் தாங்கிகள் செருக வேண்டும். ஆறில் ஐந்தாவது துளை சாமி அறைச் சுவரின் வெளிப்பக்கம் வந்தது.

மரகதம்மாவிடம் இதை எடுத்துச் சொல்ல மேடம் என்னைத்தான் அனுப்பினார். படத்தை விரித்துக் காட்டினேன். அந்த அம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க கந்தசாமி, இது சாமி ரூம்பு செவுருதானுங்க?”

“வெளிப்பக்கமுங்கம்மா. செவுரு ரெண்டடிக் கெட்டி. நாங்க தோண்டறது ஓரடி. அந்தப் பக்கம் இன்னும் ஓரடி முழுசா நிக்குது. உள்ள இருக்கற சாமிக்குச் சேதியே தெரியாதுங்க.”

“நீங்க அளந்து சொன்னாச் சரிதானுங்க” என்றார்.

நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

புதுக் கட்டடம் எழும்பித் தூண்கள் நின்றுவிட்டன. துளை போடும் நாளில் மேடமும் வந்திருந்தார். துளை போட்டது அந்தோணி மேஸ்திரி. உக்கடத்துக்காரர். கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும். நான் ஒவ்வொரு துளைக்கும் இடம் குறித்துக் கொடுக்க இரண்டு முறை அளப்பேன். “அண்ணன் அவரு கண்ணாலத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவே டேப்பை எடுத்துட்டுத்தானுங்க போயிருப்பாரு” என்று அவர் சொல்ல, சாரத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மேடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

முதல் நான்கு துளை நன்றாக வந்தது. ஐந்தாவதில் மெஷின் ஏழு அங்குலம் போயிருக்கும். உள்ளே இருந்து மரகதம்மாவின் குரல் கேட்டது.

“நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!”

அந்தோணி மெஷினை வெளியே இழுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் பின்வாசல் வழியாக ஓடினோம். சாமி அறை வாசலில் மரகதம்மா நின்றுகொண்டிருந்தார். திரையைப் பாதி விலக்கிவிட்டிருந்தார். அம்மன் தலையிலும் தோளிலும் சுண்ணாம்புத் தூள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எண்ணெயில் தூள் விழுந்து சுடர் படபடத்தது. அம்மனுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

“ரெண்டடிச் செவுருன்னு சொன்னீங்களே, கந்தசாமி?”

நான் வாய் திறக்கும் முன்னால் காண்டிராக்டரின் எஞ்சினியர் முந்திக்கொண்டார். “பழைய செவுருங்கம்மா. அதிர்வுக்குக் காரை உதிரறது சகஜமுங்க. பூசிக் கொடுத்தர்றோம்.”

மேடம் தன் பையிலிருந்து என் அளவு நோட்டை எடுத்தார். எந்த வேலைக்குப் போனாலும் அந்த நோட்டு அவருடன் இருக்கும். பக்கத்தைப் புரட்டி மரகதம்மாவிடம் காட்டினார். “அம்மா, அண்ணா அளந்த எண்ணுங்க இது. பாருங்க, கறுப்புல இருக்குது. அவரு கறுப்புல எழுதினா அது அளந்ததுதானுங்க. செவுரு கெட்டியாத்தான் இருக்கு. நீங்க பயப்பட வேண்டாம், நான் சொல்றேன்.”

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. கேதம், வாசற்படி, சிவப்புப் பேனா. எஞ்சினியர் சொன்னதற்குத் தலையாட்டினால் போதும், பூசி முடித்துவிடலாம். மெஷின் மறுபடி ஓடும். அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“மேடம், அது நான் அளந்ததில்லீங்க.”

மேடம் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை பைக்குள் பென்சிலைத் தேடவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

“இது மாதிரி எத்தனை எண்ணுங்கண்ணா இருக்கு?”

“இது ஒண்ணேதானுங்க, மேடம்.”

“அதை நான் எப்படிங்கண்ணா நம்பறது?”

கேட்டது மெதுவாகத்தான். யார் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

மரகதம்மா கேட்டார்: “ஏனுங்க அளக்காம உட்டீங்க?”

சொன்னேன். பங்காளி கேதம், தீட்டு, சாமி அறைக்குள் வர மனசு ஒப்பவில்லை, படித்தவர்களிடம் சொல்லக் கூச்சம், எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் சொன்னேன். எஞ்சினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடைப்பக்கம் போய்விட்டார்.

மரகதம்மா சிரிக்கவில்லை. “அட, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானு உள்ள நின்னு அளந்து சொல்லியிருப்பனுங்களே. சாமிக்கு மரியாதை பண்றேன்னு போயி சாமி தலை மேலயே மண்ணைக் கொட்டிப்போட்டீங்களே!” என்றார். பிறகு, “இப்பத் தீட்டு ஒண்ணும் இல்லீங்கல்ல?” என்று கேட்டார்.

“இல்லீங்கம்மா.”

“தொட்டியில தண்ணி இருக்குது. தலைக்கு ஊத்திட்டு வாங்க. வேட்டி எடுத்துத் தாரேன்.”

குளித்து, அவர் கணவருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, விபூதி இட்டு, முதல் முறையாக அந்தப் படியைத் தாண்டினேன். மேடம் வாசலுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக நின்றார். உள்ளே நின்று பார்த்த பிறகுதான் புரிந்தது. அம்மன் மேடை மேல் நிற்கவில்லை. சுவரைக் குடைந்து ஆள் உயரத்துக்கும் மேலே வளைவு வைத்த மாடம் ஒன்று. அதற்குள் நிற்கிறது. திரையும் பூவும் இருட்டும் மறைத்ததால் வாசலிலிருந்து பார்க்கிறவனுக்கு மாடம் இருப்பதே தெரியாது.

மாடத்தின் ஆழத்தை அளக்க டேப்பின் நுனியை அம்மனுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். அம்மனைத் தொட்டுவிடுவேனோ என்று தயங்கினேன். மரகதம்மா டேப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “தாயே, பொறுத்துக்கோ” என்று சொல்லி, அம்மனின் தோளுக்குப் பின்னால் தன் கையை நுழைத்து, நுனியைச் சுவரில் அழுத்திப் பிடித்தார்.

“புடிச்சிருக்கனுங்க. பாருங்க.”

படித்தேன். பதினைந்து அங்குலம். கையை எடுக்கச் சொல்லாமல் மறுபடி படித்தேன். பதினைந்துதான். “பதினஞ்சு” என்று வெளியே சொன்னேன். மேடம் எழுதிக்கொண்டார்.

இருபத்து நான்கில் பதினைந்து போனால் ஒன்பது. அம்மனுக்குப் பின்னால் இருந்த சுவர் ஒன்பது அங்குலம். அதில் ஏழு அங்குலத்தை நாங்கள் குடைந்துவிட்டோம். இன்னும் இரண்டு அங்குலம் போயிருந்தால் இரும்பு அம்மன் தலைக்கு மேலே மாடத்துக்குள் வந்து நின்றிருக்கும். அந்த அம்மாள் ஒரு சத்தம் போட்டதால் நின்றது.

மரகதம்மாவுக்கும் கணக்குத் தெரியும். டேப்பை விட்டுவிட்டு, முந்தானையால் அம்மன் தோளைத் துடைத்தார். நான் அவர் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார். மேடத்தைப் பார்த்து, “வேலையை நிறுத்திப்போடுங்க அம்மிணி” என்றார்.

மேடம் தலையை ஆட்டினார். “பத்து நாள் குடுங்கம்மா.”

“பத்து நாள் எடுத்துக்குங்க. தொடாம முடியும்னா வாங்க. முடியாதுன்னா போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க. எனக்கு ஒண்ணும் கோவமில்லை. ஆனா, கையெழுத்துப் போட மாட்டேன்.”

காரில் திரும்பும்போது, உடுமலை தாண்டியதும் நானே சொன்னேன், வேலையை விட்டுவிடுகிறேன் என்று. மேடம் ரோட்டைப் பார்த்தபடியே, “நீங்க உட்டுட்டுப் போயிட்டா மறுபடி யாருங்கண்ணா அளக்கறது?” என்றார். கொஞ்ச தூரம் போய், “தீட்டுன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டார். அவர் தப்பாக ஒரு நாளும் சிரித்ததில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

அடுத்த நாளிலிருந்து பெரியூட்டை முதலிலிருந்து அளந்தேன். ஒவ்வொரு கறுப்பு எண்ணையும் மறுபடி டேப் வைத்துப் பார்த்து, பக்கத்தில் ஒரு சின்ன டிக். அந்தோணி மேஸ்திரி மறுமுனை பிடித்தார். முதல் இரண்டு நாள் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. மூன்றாம் நாள், “அண்ணா, இந்த மாட்டுத் தொழுவத்தையும் அளக்கணுங்களா, இல்லை தீட்டா?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மற்ற எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. கடவுளுக்கு நன்றி.

ஆபீசில் மேடம் கூரையை மறுபடி யோசித்தார். ஐந்தாவது தாங்கியை மட்டும் இரண்டடி தள்ளிப் போட்டால் போதும் என்றார் எஞ்சினியர். மேடம் கேட்கவில்லை. “அந்தச் செவுருக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியலைங்க. தெரியாத செவுரு மேல நான் பாரம் ஏத்த மாட்டேன். ஆறும் வேண்டாம்.”

அப்படியானால் கண்ணாடி எதன் மேல் நிற்கும்? ஏழு நாள் காகிதம் காகிதமாகப் போனது. எட்டாம் நாள் ஒரு படத்தை என் முன்னால் வைத்தார். புதுக் கட்டடத்தின் கூரையிலிருந்தே இரும்பு விட்டங்கள் தூண்களைத் தாண்டி நடைக்கு மேல் வெளியே நீள்கின்றன. மனுஷன் தோளிலிருந்து கையை நீட்டினால் கை அந்தரத்தில் நிற்கிறதல்லவா, அது போல. நீண்டுபோய், பழைய சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகின்றன. அந்த ஒரு சாண் இடைவெளியில் மழை நேராகக் கீழே விழும். விழுகிற இடத்தில் சுவரை ஒட்டிக் கூழாங்கல் நிரப்பிய கால்வாய். புதுக் கட்டடம் பழைய வீட்டை எந்த இடத்திலும் தொடாது.

“மழை உள்ள வருதுன்னு சொல்லுவாங்களே, மேடம்?”

“வரட்டுங்கண்ணா. அந்தச் செவுரு இத்தனை வருஷமா மழையைப் பாத்துட்டுத்தான நிக்குது.”

பத்தாம் நாள் அந்தப் படத்தோடு போனோம். இந்த முறை மேடம்தான் விளக்கினார். மரகதம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “கட்டி முடிச்ச பொறவு தொடலீன்னு நானு எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க?”

அதற்கு வழி சொன்னது அந்தோணி மேஸ்திரி. கண்ணாடி ஏற்றிய அன்று ஒரு நீள மூங்கில் குச்சியைக் கண்ணாடி விளிம்புக்கும் பழைய சுவருக்கும் நடுவே விட்டு, சாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். “பாத்துக்குங்கம்மா, எங்கயாச்சும் முட்டுதுங்களா?” முட்டவில்லை. மரகதம்மா கீழே குச்சியோடு குச்சியாக அண்ணாந்து பார்த்தபடி கடைசிவரை நடந்து வந்தார். ஏற்கெனவே போட்ட ஐந்து துளையையும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்த காரையால் நானே அடைத்தேன். விரிசலையும் உள்ளே போய் அடைத்தேன். மரகதம்மா கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த இடத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள். பழசைத் தொடாமல் புதுசு நிற்கிறதென்று போட்டோ எடுக்கிறார்கள். மேடத்திடம் கேட்டால், “எங்க அண்ணா ஒருத்தரு அளந்து சொன்னாரு, அதனால வந்தது” என்று மட்டும் சொல்வாராம். எந்த அளவு என்று சொல்வதில்லை. பிரியா கண்ணு, அந்த அளவு எது என்று இப்போது உனக்குத் தெரியும். உங்கள் மெஷின் நல்ல மெஷின். அதையும் யாராவது உள்ளே கொண்டுபோய் வைத்தால்தான் அது பார்க்கும்.

திறப்பு விழா அன்று காலை, விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், மரகதம்மா மட்டும் தனியாகப் பின்வாசல் வழியே நடைக்கு வந்தார். நான் கூழாங்கல்லைச் சரி செய்துகொண்டிருந்தேன். வெயில் அந்த ஒரு சாண் இடைவெளியில் இறங்கிச் சுவர் முழுக்க விழுந்திருந்தது. சுவரைப் பார்த்தபடி மெல்ல நடந்து வந்து, சாமி அறைக்கு நேரே நின்றார்.

“ஏனுங்க கந்தசாமி, இங்க நின்னா நானு சாமிக்கு எவ்வளவு கிட்ட இருக்கறனுங்க?”

“இந்தச் செவுருல கை வெச்சீங்கன்னா ஒம்பது அங்குலமுங்கம்மா.”

“அளந்ததுங்களா?”

“அளந்ததுதானுங்க. டேப்போட அந்த நுனியை நீங்கதானுங்க புடிச்சிருந்தீங்க.”

மரகதம்மா உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு கீழே என் காலைப் பார்த்தார். நான் வேலைச் செருப்போடு நின்றிருந்தேன்.

“சாமிக்கு முதுகுப் பக்கமா ஒம்பது அங்குலத்துல எல்லாரும் செருப்புப் போட்டு நடந்தா நல்லாவா இருக்கும்? அதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பின்வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்க ஓர் அலமாரி போடலாம் என்று தோன்றியது. விருந்தாளிகளின் கார் சத்தம் கேட்பதற்குள் போய் அந்த மூலையை அளந்தேன். மூன்றடி நாலு அங்குலம். திரும்ப ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் எழுதினேன்.